நிலவில் இல்லாத பள்ளம்

தொலைதூர நிலவு ஒன்றைச் சுற்றும் விண்கலம் கீழே ரேடார் அலையை அனுப்பும். எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து மேடு பள்ளம் கணிப்பது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘அவசரக்குடுக்கை’.

அன்று ஒரு பெரும்பள்ளம் தெரிந்ததும் கணவருக்குப் போன் போட்டுவிட்டாள். ஏசி சண்டையில் ஒரு மாதமாக முகங்கொடுக்காத பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள்.

“நாளைக்குக் கூட்டத்துல இதைச் சொல்லிடாதீங்கக்கா. இன்னொரு தடவை கலம் இதே இடத்தைக் குறுக்கே கடந்திருக்கு. அதுல தரை மட்டம்தான். இந்தத் தடவை கலம் சாய்ஞ்சதால எதிரொலி தாமதமா வந்திருக்கு.”

சரிபார்த்தாள், உண்மைதான். பக்கத்து மேசைக்காரி வாயை மூடிக்கொண்டு, நாளை இவள் மானம் கப்பலேறுவதை வேடிக்கை பார்த்திருக்கலாம்.

மாலையில் கணவர் கேட்டார்: “உன் பள்ளம் என்னாச்சு?”

“அது கெடக்கு விடுங்க. அவ என்கிட்ட பேசிட்டா!”