ஒரு விரல் இடம்

வஜீஹாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் ஜபாலியாவில் அவள் தைத்த உடுப்பைப் போடாமல் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் குறைவு. யாராவது வாய்த்துடுக்காகக் கேட்டால் விடமாட்டாள். "ஊர்ல பாதிப் பொண்ணுங்கள நான்தான்டி கட்டிக்கொடுத்தேன். நானும் புருஷன் வீட்டுக்குப் போயிட்டா மிச்சப் பேரு எத உடுத்துவீங்க?" என்பாள்.

பெருநாள் நெருங்கினால் பிள்ளைகளின் உடுப்புக்காக அவள் கடையில் நிற்க இடமிருக்காது. அளவெடுக்கும்போது நாடாவுக்கு அடியில் தன் விரலை நுழைத்துக்கொள்வாள். "வளர்ற பிள்ளை. ஒரு விரல் இடம் விட்டாத்தான் அடுத்த பெருநாளுக்கும் ஆகும்" என்பாள். தாய்மார்கள் அவளைத் தேடி வந்ததே அந்த ஒரு விரலுக்காகத்தான்.

இதெல்லாம் அவள் சொல்லி நான் கேட்டது. எனக்கு அவளைத் தெரியவந்தபோது குண்டு விழுந்து கடையும் இல்லை, அந்தத் தெருவும் இல்லை. தெற்கே நடந்தே தெய்ர் அல்-பலாஹ் வந்து சேர்ந்திருந்தாள். கையில் ஒரு கத்தரிக்கோல், கழுத்தில் அளவு நாடா. கூடாரங்களில் கிழிசல் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் நர்ஸ். பெயர் ருவைதா. இருபத்திரண்டு வருஷ வேலை, மூக்குக்கு மேல் கோபம். எங்கள் மருத்துவமும் ஒரு கூடாரத்தில்தான் நடந்தது. அதன் கூரை ஓட்டையை அடைத்திருந்தது, குழந்தைகளின் உரிமைகளை வரிசையாகப் போட்டு எங்கிருந்தோ அனுப்பிய ஒரு வழவழப்பான படம். உண்ண உரிமை, படிக்க உரிமை, விளையாட உரிமை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அனுப்பினவனைக் கூட்டிவந்து ஒரு வாரம் அதன் அடியில் உட்காரவைக்க வேண்டும் என்று தோன்றும்.

எங்களிடம் பிள்ளைகளின் கையை அளக்கிற காகித நாடா இருந்தது. மேல்கையைச் சுற்றிப் பிடித்தால் ஒரு நிறம் காட்டும். பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் உடம்பு இறங்குகிறது. சிவப்பு என்றால் பிள்ளை போய்க்கொண்டிருக்கிறது. சிவப்புப் பிள்ளைக்கு உடம்பு தேற, சத்துச் சேர்த்த நிலக்கடலைப் பசைப் பொட்டலம் உண்டு. மஞ்சளுக்கும் கொடுக்க வேண்டியதுதான், ஆனால் அந்த மாதம் எல்லையில் லாரிகள் நின்றுபோய், இருந்தது சிவப்புக்கே போதவில்லை. மஞ்சள் பிள்ளையின் தாயிடம் இரண்டு வாரம் கழித்து வா என்றோம்.

அளந்துகொண்டிருந்த பெண் முந்தின வாரம் குண்டில் செத்துப்போனாள். வெளியே வெயிலில் நூறு தாய்மார்கள். யார் கிடைப்பார் என்று பார்த்தேன். கழுத்தில் நாடாவோடு வஜீஹா போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, அளக்கத் தெரியும்ல? வாங்க இங்க."

"பிள்ளைங்கள அளக்கத் தெரியாமலா முப்பது வருஷம் தைச்சேன்?" என்று வந்து உட்கார்ந்தாள்.

சொல்லிக்கொடுக்க ஒரு நாள் முழுக்க வேண்டும் என்பது விதி. நான் அரை மணிகூடச் செலவழிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை அளந்து காட்டிவிட்டு, காயத்துக்குக் கட்டுப்போட எழுந்து போய்விட்டேன்.

பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துப்போனது. மற்றவர்களைக் கண்டு அழுகிற பிள்ளைகள் அவளிடம் கையைத் தாமாகவே நீட்டின. இரண்டாம் நாள் ஒரு தாய் வந்தாள். இடுப்பில் இரண்டரை வயதுப் பையன் ஸுஹைப், கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயது மகள் மெய்ஸ். ஊர் வழக்கப்படி மகன் பெயரைச் சொல்லி அவளை உம்மு ஸுஹைப் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். மகள் அப்போது தேறித்தான் இருந்தாள். பையனை மட்டும் அளக்கச் சொன்னாள்.

"கைய நீட்டு மாப்ள. உன் கல்யாணக் கோட்டு என் பொறுப்பு" என்று சொல்லி வஜீஹா நாடாவைச் சுற்றினாள். "மஞ்சள்."

"சிவப்பு இல்லையே? நல்லாப் பாத்தீங்களா அக்கா? சிவப்பு இல்லையே?" உம்மு ஸுஹைப் சிரித்தேவிட்டாள். பையனின் கன்னத்தில் மாறிமாறி முத்தம் வைத்தாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மஞ்சள் என்று எழுதினேன்.

நாலாம் நாள் ஒரு பெண்குழந்தையைப் பார்த்தேன். கண் உள்ளே போய், தோல் தொங்கிக்கொண்டு. வஜீஹா மஞ்சள் என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நெருங்கிப் போய்ப் பார்த்தேன். நாடாவுக்கு அடியில் அவள் சுண்டுவிரல் இருந்தது.

"விரல எடுங்க!" என்று கத்தினேன்.

"வளர்ற பிள்ளைக்குக் கொஞ்சம் இடம்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். விரலை எடுத்து நாடாவை இறுக்கினேன். சிவப்பு.

நான் என்னென்ன திட்டினேன் என்று இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவள் மூன்று நாள் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்தாள். அதில் மஞ்சள் என்று எழுதினது அறுபத்தொரு பிள்ளைகள். கூடாரம் கூடாரமாகப் போய் மறுபடி அளந்தாள். இரண்டு நாளில் அறுபது பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்பது பேர் சிவப்பு. ஒன்பது பேருக்கும் பொட்டலம் போய்ச் சேர்ந்தது. ஸுஹைப் மட்டும் அகப்படவில்லை. அவர்கள் இருந்த பகுதியைக் காலிபண்ணச் சொல்லி வானத்திலிருந்து காகிதம் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை.

அவனுக்கென்று ஒரு வாரத்துப் பொட்டலங்களை என்னிடம் கேட்டு வாங்கி, ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். காலையில் அளப்பாள். மத்தியானம் தேடப் போவாள். தண்ணீர் வரிசை, ரொட்டி வரிசை, ஒன்றையும் விடவில்லை. "இடது புருவத்துல தழும்பு, இரண்டரை வயசு, அம்மா நல்ல உயரம்" என்று கேட்டுக்கொண்டே போவாள். அவளும் பட்டினிதான். ஒருநாள் வரிசையில் மயங்கி விழுந்துவிட்டாள்.

"ஒரு பொட்டலத்தப் பிரிச்சுத் தின்னுங்களேன். ஒண்ணும் குடிமுழுகிப் போகாது" என்றேன்.

"அது மாப்ளையோடது" என்றாள்.

ஒன்பதாம் நாள் தகவல் கிடைத்தது. மவாஸியில், கடலோரமாக. நானும் கூடப் போனேன். வழியெல்லாம் அவள் என்னென்னவோ பேசினாள். ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம், தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாளில் பச்சை வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

போர்வையால் மறைப்புக் கட்டிய இடத்தில் உம்மு ஸுஹைப் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து வஜீஹாவைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, என் பிள்ளை போயிட்டான். திங்கக்கிழமை."

வஜீஹாவின் தோளிலிருந்து பை நழுவி மணலில் விழுந்தது.

"அவனப் பத்தி நல்ல வார்த்தை சொன்னது நீங்க ஒருத்திதான். மஞ்சள்னு சொன்னீங்க. அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினேன். பிறகு எப்படி இப்படி ஆச்சுன்னே தெரியல."

வஜீஹா அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு அழுதுவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நானாயிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"உம்மு ஸுஹைப், அவன் மஞ்சள் இல்ல. நான் தப்பா அளந்தேன். நாடாவுக்குள்ள விரல விட்டு அளந்தேன். அவனுக்குப் பொட்டலம் குடுத்திருக்கணும். என் தப்பு" என்றாள் வஜீஹா.

சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான். அரை மணிகூட உட்காராமல் எழுந்து போனவள் நான். பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உம்மு ஸுஹைப் கட்டியிருந்த கையை எடுத்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. அவள் மறைப்புக்குள் போனாள். மெய்ஸை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளை பாதியாய் இளைத்திருந்தாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு வஜீஹாவின் முன்னால் நிறுத்தினாள்.

"இவள அள. இடம் விடாம அள."

வஜீஹா சுற்றிய நாடா இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் சுற்றினாள். எல்லா விரல்களையும் வெளியே வைத்துக்கொண்டு இறுக்கினாள்.

"சிவப்பு" என்றாள்.

மணலில் கிடந்த பையை எடுத்து, ஒரு பொட்டலத்தின் மூலையைக் கத்தரித்து மெய்ஸின் வாயில் வைத்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சியது. மிச்சத்தை உம்மு ஸுஹைபிடம் நீட்டினாள். எப்படிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

நாங்கள் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"உன் மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கல. ஆனா அடுத்த வாரம் இவள அளக்க நீயே வா. வேற யாரையும் அனுப்பாத."

வஜீஹா நின்றாள். திரும்பிப் பார்க்கிற தைரியம் அவளுக்கு வரவில்லை.

"இந்த ஊர்ல இனிமே தப்பா அளக்காதவ நீ ஒருத்திதான்" என்றாள் உம்மு ஸுஹைப்.