தாம்பரம் ரயிலில் கேட்ட கேள்வி

எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில் அவரைச் சந்தித்தேன். தாம்பரத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர். வழுக்கைத் தலை, வாய்க்குள் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அன்று எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"ஜெபமா சார்?" என்றேன்.

"இல்ல தம்பி. மேகநோயைக் கண்டுபிடிக்க டாக்டருங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கறாங்க. பேஷண்ட்கிட்ட எப்படிக் கேக்கணும்னு பழகறேன். கூச்சம் போக மாட்டேங்குது. உங்களைக் கேட்டுப் பாக்கட்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுமாதம் எனக்குக் கல்யாணம். மறைவிடத்தில் ஒரு புண் வருவதும் போவதுமாக இருந்தது. அது மேகநோய் என்ற பால்வினை நோய்தான் என்று பயந்து, கல்யாணத்தையே நிறுத்த வழி தேடிக்கொண்டிருந்தேன்.

"பெண் சகவாசம் உண்டா?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"இல்ல சார். ஆனா புண் இருக்கு."

அவர் நிமிர்ந்தார். கூச்சம் போன இடம் தெரியவில்லை. "ஒவ்வொரு தடவையும் அதே இடத்துலயா? ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"தலைவலி வந்தா ஒண்ணு போடுவேன்."

"அந்த மாத்திரை ஒத்துக்காம புண் வந்திருக்கலாம். போன வாரம் வகுப்புல இதே மாதிரி ஒருத்தரைக் காட்டினாங்க. சாயந்திரம் கிளினிக்குக்கு வாங்க."

அன்று மாலை பரிசோதித்து, ரத்தமும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மேகநோய் இல்லை என்று முடிவு வந்தது. மாத்திரையை விட்டேன், புண் ஆறியது. குறித்த நாளில் கல்யாணம் நடந்தது.

நன்றி சொல்லப் போனபோது, "நான்தான் சொல்லணும் தம்பி. உங்களுக்கப்புறம் யாரையும் தைரியமா கேட்டுடறேன்," என்றார்.

இதெல்லாம் தெரிந்த என் மனைவி, அவரை எங்கள் கல்யாணத் தரகர் என்றுதான் இன்றும் சொல்கிறாள்.