காளியாயி போட்ட ஜாமீன்

பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்யும் காளியாயியிடம் சுரேந்திரன் பல வருஷமாகக் கூலிக்கு வந்துகொண்டிருந்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். ரோட்டோரப் புறம்போக்கில் போட்ட தகரக் கொட்டகைதான் வீடு. ஒருநாள் ஜீப் டிரைவர் ஒருவரோடு கைகலப்பு. டிரைவருக்கு மண்டை உடைந்தது. சுரேந்திரனைக் கிளைச்சிறையில் அடைத்தார்கள்.

ஜாமீன் கிடைத்தும் அவன் வெளியே வர முடியவில்லை. சொத்துள்ள இரண்டு பேர் அவனுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது கோர்ட். அவன் மனைவி மகாராணிக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் புறம்போக்கில் குடியிருப்பவர்கள். கடைசியில் காளியாயியின் தோட்டத்துக்கு வந்து நின்றாள்.

"நெலம் போயிருமா?" என்றாள் காளியாயி.

"இல்லம்மா. இவரு வாய்தாவுக்கு வராமப் போனாத்தான் உங்ககிட்ட பணம் கேப்பாங்களாம். வக்கீல் சொன்னாரு."

மறுநாள் வெள்ளனே காளியாயி சிட்டாவோடு பஸ் ஏறினாள். இரண்டாவது கையெழுத்துக்கு, முணுமுணுத்த கொழுந்தன் கந்தவேலையும் விடாமல் கூட்டிப் போனாள்.

"இவர் ஓடிட்டா நீங்கதான் பொறுப்பு, தெரியுமா?" என்று கேட்டார் ஜட்ஜம்மா.

"தெரியும்ங்க. ஓட மாட்டான்."

சாயங்காலம் சுரேந்திரன் வெளியே வந்தான். ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டான். அந்த நிபந்தனை தளர்ந்ததும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான்.

சில மாதம் கழித்துக் காளியாயிக்கு நோட்டீஸ் வந்தது. சுரேந்திரன் வாய்தாவுக்கு வரவில்லை, வாரண்ட் போட்டாகிவிட்டது. கந்தவேலுக்கும் அதே நோட்டீஸ். அவன் வாசலில் நின்று கத்தித் தீர்த்தான். காளியாயி பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போய் இறங்கினாள்.

தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் டீ குடித்துக்கொண்டிருந்த சுரேந்திரன் அவளைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"ஏலே, வாய்தாவுக்கு ஏன் போகல?"

"டிரைவர் அண்ணன்கூட சமாதானமாயிட்டம்மா. கேஸு முடிஞ்சிருச்சின்னு இருந்திட்டேன்."

"நீங்க ரெண்டு பேரும் முடிச்சாப் போதுமா? கோர்ட்டுல முடிய வேணாமா? எனக்கு நோட்டீசு வந்து கெடக்கு."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "உங்களுக்கா வந்திச்சு?"

"வெரசா சட்டைய மாத்து."

இருவரும் வக்கீலோடு கோர்ட்டில் போய் நின்றார்கள். ஜட்ஜம்மா கண்டித்துவிட்டு வாரண்டை ரத்து செய்தார், நோட்டீசையும் கைவிட்டார். பிறகு டிரைவரே கூண்டேறிச் சமாதானத்தைச் சொன்னார். கேஸ் முடிந்தது.

இப்போதும் புறம்போக்குத் தெருவில் யாராவது ஜெயிலுக்குள் போனால் காளியாயியைத்தான் தேடி வருகிறார்கள். முன்பின் தெரியாத ஆளுக்கு அவள் கையெழுத்துப் போடுவதில்லை. தெரிந்தவனுக்குப் போட்டால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் போன் செய்து, "நாளைக்குக் கோர்ட்டு. வேற சோலி வச்சுக்காத" என்று சொல்லிவிடுகிறாள்.