சிங்கப்பூர்ப் பனைக்கு மரக்காணத்து உப்பு

சண்டைக்காலத்தில் திண்டிவனத்தில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் நானும் என் வீட்டுக்காரரும் தோட்டவேலை பார்த்தோம். பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓர் அறைதான் எங்கள் குடித்தனம். துரைசாணி உயிராக வளர்த்தது ஒரு சிங்கப்பூர்ப் பனை. தண்டு முழுக்கக் குங்குமச் சிவப்பு. நுங்கு தராது, நிழலும் கிடையாது. அதற்குக் காட்டிய கரிசனத்தில் கால்வாசி எங்களுக்குக் காட்டியதில்லை.

சித்திரையில் மலைக்குப் போகும்போது, "சண்டையில சிங்கப்பூர்க் கப்பல் நின்னுபோச்சு, இன்னொண்ணு வராது. இது செத்தா நீங்க இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

வெயில் ஏற ஏற இலைநுனி கருகியது. என் வீட்டுக்காரர் கீற்றுப் பந்தல் போட்டார், இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை. தென்னைக்கு உப்பு வைக்கிறோமே, இதுவும் அதற்குச் சொந்தம்தானே என்று நினைத்தேன். அவர் கூட்டேரிப்பட்டுக்குத் தங்கையைப் பார்க்கப் போன நாளில், வேரைச் சுற்றிக் கொத்தி, இரண்டு படி மரக்காணத்து உப்பைக் கொட்டி மூடினேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

நாலாம் நாள் இலைகள் வெந்த கீரையாகத் தொங்கின. அவர் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"மண்ண மாத்தணும். ஜல்தியா கூடைய எடு" என்றார்.

உப்பு மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு ஏரி வண்டல் போட்டோம். கிணறு ஊற ஊற இறைத்து ஊற்றினோம். பத்து நாள் இப்படியே போயிற்று. நடுக்குருத்து மட்டும் பச்சையாக நின்றது. அடி அழுகியிருந்தால் இழுத்ததும் கையோடு வந்துவிடும். அந்தப் பயத்தில் இருவரும் அதைத் தொடவே இல்லை.

துரைசாணி வந்ததும் நேரே மரத்துக்குப் போய்க் குருத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மரம் பிழைத்துவிட்டது.

"யாரு என்ன செஞ்சது?" என்றாள்.

நான் வாயெடுக்குமுன் அவர், "நான்தாங்கம்மா உப்பு போட்டுட்டேன்" என்றார்.

"நீ போ. இவ இருக்கட்டும். மரத்த இவ பாத்துக்குவா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போட்டது நானுங்க. காப்பாத்துனதுதான் அவரு" என்றேன்.

"அப்ப ரெண்டு பேரும் போங்க."

கெடாரில் இருந்த என் அண்ணன் வீட்டுக்குப் போக விழுப்புரத்துக்கு ரயிலேறினோம். வண்டி நகர்ந்ததும் அவர் சொன்னார். "ஒருத்தருக்காச்சும் சோறு இருந்திருக்கும். கெடுத்துட்டியேடி."

"உன்ன அனுப்பிட்டு அந்த மரத்துக்குத் தண்ணி ஊத்திக்கினு கெடக்கச் சொல்றியாய்யா?"

அவர் என் மூட்டையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.