தனி ஆளாகத் தூக்கக்கூடிய வண்டி

கொடைக்கானல் ஏரிக்கரையில் நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இரண்டு சக்கரம் உள்ள எதைப் பற்றியும் இந்த அப்துல் குத்தூஸிடம் கேட்கலாம் என்பது ஊரில் ஒரு நம்பிக்கை. அதனால்தான் 2008-இல் ஒரு நாள் சாயங்காலம், கேரட் மூட்டை சுமந்து நனைந்த தலைத்துணியோடு தேவகுமாரி என் கடைக்கு வந்தாள். "பாய், பாட்டரி வண்டின்னு ஒண்ணு வந்திருக்காமே. அதுக்கு லைசென்ஸ் வேணாமாமே. நெசமா?" என்று கேட்டாள்.

நிஜம்தான் என்றேன். சின்ன மோட்டார், மெதுவாகப் போகும், அதனால் லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் கேட்க மாட்டார்கள் என்று விவரமும் சொன்னேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க வராது.

"இல்லன்னு சொல்லியிருக்கக் கூடாதா நீங்க" என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி அவளுக்கில்லை, புருஷன் வீரையாவுக்கு. இருபது வருஷத்துக்கு மேல் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன் அவன். மலைப்பாதையின் வளைவுகளெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒரு நாள் பெருமாள்மலை டீக்கடையில் வேனை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து கீழே விழுந்தான். பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் வேன் ஏதாவது ஒரு வளைவில் இருந்திருக்கும். அடுத்த மாதம் வீட்டில் வைத்து இன்னொரு தடவை வந்தது. வேன் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, எந்த வண்டியையும் தொடக் கூடாது என்றார். ஒரு வருஷம் வராமல் இருந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீரையா வீட்டில் உட்கார்ந்தான். ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டால், எந்த வேன், யார் ஓட்டுகிறார்கள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்வான். வேறு பேச்சே கிடையாது.

பிறகு பேத்துப்பாறையில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை கிடைத்தது. வீடு மேலே டவுன் ஓரத்தில், வேலை கீழே. போகிற நேரத்துக்கு ஒரு பஸ் இல்லை, வருகிற நேரத்துக்கும் இல்லை. அந்தச் சமயம் பார்த்து எவனோ பேப்பரில் பாட்டரி வண்டி விளம்பரத்தை அவனுக்குக் காட்டிவிட்டான்.

தேவகுமாரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாகக் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு ஏறியவள். 'முடியாது' என்று சொல்லத் தெரியாது, 'ஏலாது' என்பாள். அதையும் அபூர்வமாகத்தான் சொல்வாள். தோட்டங்களில் கேரட் மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் லாரிக்கு ஏற்றுகிற வேலை. எதை வாங்கினாலும் முதலில் தூக்கிப் பார்ப்பாள். பூசணிக்காயானாலும் பித்தளைக் குடமானாலும் அவளுக்குத் தூக்கினால்தான் திருப்தி.

"நான் வேணாம்னா கேக்குற ஆளா பாய் அவரு? நீங்களாவது கூட வந்து நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றாள். சட்டத்துக்கு லைசென்ஸ் வேண்டாம், சரி. அது வலிப்புக்குத் தெரியுமா? இதை வீரையாவிடம் நேராகவே கேட்டேன். "மெதுவாப் போற வண்டி பாய். சைக்கிள் மாதிரி. நீங்க சின்னப் புள்ளைகளுக்கெல்லாம் சைக்கிள் குடுக்குறீங்க, எனக்குக் குடுக்க மாட்டீங்களா?" என்றான். 

வத்தலக்குண்டில் புதிதாகத் திறந்திருந்த கடைக்கு மூன்று பேரும் போனோம். விற்பனைக்கு நின்ற தம்பி ஜெயச்சந்திரன் அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தான். "வேலைக்கும் போலாம் சார், ஞாயித்துக்கெழம சும்மா ஜாலியா ஒரு ரவுண்டும் அடிக்கலாம்" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். மூன்று விதமான வண்டிகள் இருந்தன. நான் குனிந்து மோட்டாரையும் பாட்டரியையும் பிரேக்கையும் பார்த்தேன். பெரியது கனமானது, பாட்டரி பெரிசு, கொஞ்சமாவது ஏற்றம் ஏறும். நடுவில் இருந்தது சுமார். சின்னதற்குப் பெடல் உண்டு, பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் சமவெளிக்கென்று செய்தது. நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

வீரையா பெரியதில் ஏறி உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் கண்ணாடியைத் திருப்பிச் சரி செய்தான். ரொம்ப நாளுக்கப்புறம் அவன் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

"நீங்க கொஞ்சம் எறங்குங்க" என்றாள் தேவகுமாரி. அவன் இறங்கியதும் வண்டியை மெல்லச் சாய்த்துத் தரையில் படுக்க வைத்தாள். "அக்கா, அக்கா, பெயின்டு போயிரும்க்கா" என்று ஜெயச்சந்திரன் ஓடி வந்தான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து தூக்கினாள். இடுப்பு வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. நடு வண்டியையும் அப்படியே படுக்க வைத்துத் தூக்கினாள், மூச்சு வாங்கியது. சின்ன வண்டி ஒரே தூக்கில் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்துவிட்டு, ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினாள்.

"இதுதான் பாய்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, வண்டி ஓட்டப் போறானா, இல்ல நீ தலையில வச்சுக் கொடைக்கானலுக்குச் சொமக்கப் போறியா? இது நம்ம ரோட்டுல ஒரு ஏத்தம் ஏறாது. எதுக்கு என்னயக் கூட்டியாந்த?"

"ஏறாட்டிப் போகுது பாய். அவரு இதுக்கு அடியில மாட்டிக் கெடந்தா, நான் ஒத்தையாத் தூக்க ஏலணும்."

ஜெயச்சந்திரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். வீரையா சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பெரிய வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அவ சொல்றதயே எடுங்க பாய்" என்றான். வெளியே வந்ததும் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு வாக்குக் கொடுத்தான். "இன்னொரு தடவ வலிப்பு வந்துச்சுன்னா, வண்டியக் கொண்டாந்து பாய் கடையில விட்டுர்றேன். அப்பறம் தொட மாட்டேன். சத்தியம்."

காய்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரி ஒன்றில் வண்டி மலையேறியது.

நான் சொன்ன மாதிரிதான் ஆயிற்று. காலையில் பேத்துப்பாறைக்கு இறக்கத்தில் ஜம்மென்று போவான். சாயங்காலம் திரும்பும்போது வண்டி முக்கி முனகி நின்றுவிடும். அவன் இறங்கித் தள்ளுவான். "என்னா வீரையாண்ணே, குதிரைக்குக் கொள்ளு வைக்கலயா?" என்று டாக்ஸி ஸ்டாண்டுப் பையன்கள் கேலி பேசுவார்கள். அந்த வருஷம் கரண்ட் வேறு நினைத்த நேரத்தில் போகும். சார்ஜ் பாதியில் நின்றால் மறுநாள் தள்ளுகிற தூரம் கூடும். தேவகுமாரி வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், கடைசி ஏற்றத்தின் அடியில் வந்து காத்து நிற்பாள். அவன் ஏறி உட்கார்ந்து பெடலை மிதிக்க, இவள் பின்னால் இருந்து தள்ளுவாள். நாள் முழுக்க மூட்டை தூக்கியவள் அப்புறம் இதையும் தள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டிக்கு மரியாதை கிடைக்கும். ஏரியைச் சுற்றி ரோடு அநேகமாகச் சமமாக இருக்கும் அல்லவா? அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சுற்று வருவான். என் கடையைத் தாண்டும்போது வேன் டிரைவர்கள் செய்வது போல இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவான். அவள் இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்திருப்பாள். பார்க்கிறவர்கள் ஆசை என்று நினைத்திருப்பார்கள். வலிப்பு வந்தால் அவன் சரிந்து விழுந்துவிடாமல் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நடந்தது ஐப்பசி மாதம். என்னிடம் சைக்கிள் எடுக்கும் காலேஜ் பையன்களுக்கு ஒரு பழக்கம். இறக்கத்தில் பேத்துப்பாறை வரைக்கும் ஜாலியாகப் போவார்கள். திரும்பி ஏற முடியாமல் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு வந்து, "அங்கிள், சாரி" என்பார்கள். அப்படி ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, டாக்ஸி ஸ்டாண்டு ஆண்டிச்சாமியின் ஜீப்பில் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தேன். மூட்டம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கடைசி ஏற்றத்து வளைவில் ஆண்டிச்சாமி சடக்கென்று பிரேக் அடித்தார்.

ரோட்டோரத்தில் சின்ன வண்டி ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு நின்றது. ரோட்டின் நடுவில் வீரையா கிடந்தான். வலிப்பு நின்று போயிருந்தது, வாயோரம் நுரை, கண் மூடியிருந்தது. தேவகுமாரி அவன் அக்குளில் கையைக் கொடுத்து ஓரத்துக்கு இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டை என்றால் பிடிக்க ஒரு முனை இருக்கும். நினைவில்லாத ஆளை எங்கே பிடிப்பது? தூக்கத் தூக்க அவன் கீழே வழிந்தான்.

"வண்டியத் தூக்கிட்டேன் பாய்" என்றாள் என்னைப் பார்த்ததும். "இவரத் தூக்க ஏலல. ரெண்டு காரு போச்சு. குடிச்சிட்டுக் கெடக்காருன்னு நெனச்சு ஹாரன் அடிச்சிட்டுப் போயிட்டாங்க."

நானும் ஆண்டிச்சாமியும் அவளும் சேர்ந்துதான் அவனை ஜீப்பில் ஏற்ற முடிந்தது. வண்டியை அவள் தனியாகவே தூக்கிப் பின்னால் சைக்கிளோடு வைத்தாள். அவன் வலது கை இறுக மூடியிருந்தது. உள்ளே வண்டிச் சாவி. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். இருந்தாலும் தனியாக நிற்கிறவளுக்கு அந்த நேரத்தில் வேறு என்ன செய்யத் தோன்றும்?

வீட்டில் அவனைப் படுக்க வைத்தோம். "அண்ணே, ஸ்டாண்டுல யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்று ஆண்டிச்சாமியிடம் கேட்டுக்கொண்டு அவரை அனுப்பினாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்துச் சுவரில் மாட்டினாள். வாயைத் துடைத்தாள். சட்டையை மாற்றினாள். எதற்கு இவ்வளவு அவசரம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வெகுநேரம் கழித்து வீரையா கண் திறந்தான். முழங்கை சிராய்ப்பைத் தடவிப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பாய் எதுக்கு வந்திருக்காங்க? எனக்கு என்னாச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நாந்தேன். பின்னாலருந்து வெரசாத் தள்ளிப்புட்டேன். வளவுல வண்டி சறுக்கி விழுந்துட்டீங்க. தலையில அடி, கொஞ்ச நேரம் மயங்கிட்டீங்க."

அவளுடைய அவசரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையில் சாவியோடு கண் விழித்திருந்தால், யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வீரையா அவளைத் திட்டினான். "ஓட்டுறவன் சொல்லும்போதுதான தள்ளணும்? இருபது வருசமா ஒரு கீறல் விழாம ஓட்டுனவன் நானு. ஒன்னாலதான் இன்னிக்கு விழுந்தேன்." அவள், "ஆமா, என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே சுடுதண்ணீரில் துணியை நனைத்துச் சிராய்ப்பைத் துடைத்தாள். திட்டி முடித்ததும் அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினான்.

"தை பொறந்தா ஒரு வருசம் ஆயிரும் பாய். ஒரு தடவகூட வரல. டாக்டரு எழுதிக் குடுத்துட்டா மறுபடி வேனுக்குப் போயிரலாம்ல?"

வேன் நிறையக் குழந்தைகள் உட்கார்ந்திருப்பது என் கண்ணில் வந்து போனது. நான் தேவகுமாரியைப் பார்த்தேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே வந்தேன், அவளும் பின்னாலேயே வந்தாள்.

"என்ன காரியம் பண்ற நீ? உண்மையச் சொல்லியிருந்தா அவன் குடுத்த வாக்குக்கு இன்னிக்கே வண்டிய விட்டுருப்பான்ல?" என்று குரலை அடக்கிக் கேட்டேன்.

"விட்டுருப்பாரு பாய். அப்பறம் மறுபடி அந்தச் செவுத்தப் பாத்து உக்காந்துருவாரு. நீங்க எப்பவாச்சும் வந்து பாத்தீங்க, நான் தெனம் பாத்தேன். சொல்லணும்னு வழியெல்லாம் நெனச்சுக்கிட்டுத்தான் வந்தேன். அவரு கண்ணத் தொறந்ததும் வாய்க்கு வரல."

"தையில என்ன செய்வ? வேன்ல ஏறிட்டான்னா?"

 வாசலில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வீரையா அவளைக் கூப்பிட்டு, வண்டியைச் சார்ஜில் போட்டாயிற்றா என்று கேட்டான். "இந்தா போடுறேங்க" என்று குரல் கொடுத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாய், நீங்க அஞ்சு வேளையும் தொழுகுறவங்க. ஒண்ணு கேக்குறேன். இன்னொரு தடவ வலிப்பு வரக் கூடாதுன்னு வேண்டுனா, அவரு வேன்ல ஏறிருவாரு. தைக்குள்ள நாலு பேரு கண்ணு முன்னால வலிப்பு வந்துரணும்னு வேண்டுனா, நானே என் புருசனுக்கு அதைக் கேட்ட மாதிரி ஆகுது. நான் எத வேண்டிக்கிறது?"

 உள்ளேயிருந்து வீரையா மறுபடி கூப்பிட்டான். அவள் வண்டியைச் சார்ஜில் போட உள்ளே போனாள்.