கெட்டி மாமா பார்த்து வாங்கிய லேப்டாப்

குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் கெட்டி மாமா. குழாய்க் கிடங்கில் சரக்குப் பொறுப்பாளர். தட்டாமல், முறுக்காமல், அமுக்கிப் பார்க்காமல் ஒரு சாமானையும் உள்ளே விட்டதில்லை. உறவில் யார் நாற்காலி வாங்கினாலும் முதலில் அவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். சம்பளமில்லாத உத்தியோகம்தான், ஆனால் அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அவருடைய தங்கை வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பவள். குறைந்த விலையில், நாள் முழுக்க உழைக்கிற லேப்டாப் வேண்டுமென்று அண்ணனைத்தான் கடைக்கு அழைத்துப் போனாள். மூடியை ஒரு மூலையில் பிடித்து ஆட்டினார், திரை அசையவில்லை. விசைகளின் நடுவே கட்டைவிரலை வைத்து அழுத்தினார், குழியவில்லை. அவர் திறந்து திறந்து மூடியதில் விற்பனைப் பெண்ணுக்கே பயம் பிடித்துவிட்டது.

"இது உழைக்கும். எடுத்துக்கோ," என்றார். உள்ளே இருப்பதைத் தட்டிப் பார்க்க முடியாது என்பது அந்தப் பெரிய மூளைக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் வருடம் லேப்டாப் மேசைமேல் ஆடத் தொடங்கியது.

"அண்ணா, அடிப்பக்கம் லேசா உப்பின மாதிரி இருக்கு."

"நான் பார்த்து வாங்கினது எப்படி உப்பும்? மேசைக் கால்தான் கோணல்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஒழுங்காக நின்ற மேசையின் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் மூடி சரியாக மூடவில்லை. கடைக்குக் கொண்டுபோகவா என்று தங்கை போனில் கேட்டாள்.

"கடைக்காரன் நல்லா இருக்கறதையும் கெட்டுப்போச்சும்பான். மேல நல்ல கனமா எதையாவது வை. ரெண்டு நாள்ல படிஞ்சிடும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அண்ணன் சொல்லை அவள் தட்டியதுமில்லை.

மறுநாள் கிடங்கு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். ஒரு பழைய லேப்டாப்பை இரண்டு கையாலும் மெல்ல ஏந்திப்போய் வெளியே மணல் வாளியில் வைத்தார்.

"என்னப்பா, கைக்குழந்தையத் தூக்கற மாதிரி தூக்கறே?"

"பேட்டரி உப்பியிருக்கு சார். அழுத்தினா தீப்பிடிச்சுக்கும்."

"உப்பறது முன்னாடியே தெரியாதா?"

"தெரியுமே. வச்ச இடத்துல ஆடும். அப்புறம் மூடி மூடாது."

அவர் உடனே தங்கைக்குப் போன் போட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, தங்கை எடுக்கவில்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். புத்தகம் ஏதாவது வைத்திருப்பாள், வேறென்ன வைக்கப்போகிறாள் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தெருவில் யார் யாரோ கூப்பிட்டார்கள், காதில் விழவில்லை.

கதவு திறந்தே இருந்தது. பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தமும் துணி துவைக்கும் சத்தமும் கேட்டன. முன்னறைத் தரையில் லேப்டாப். சார்ஜர் வயர் சுவரில் செருகியபடி இருந்தது. லேப்டாப்பின்மேல் தங்கையின் ஏழு வயது மகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா! அம்மா வச்ச புக்கெல்லாம் கனமே பத்தல. அதான் நானே உட்கார்ந்துட்டேன்."

எவ்வளவு கனம் என்று காட்ட ஒருமுறை எழும்பி உட்கார்ந்தாள். அடியில் ஏதோ நொறுங்கியது. லேப்டாப்பிலிருந்து நகப்பூச்சு மாதிரி ஒரு வாசனை கிளம்பி அறையில் பரவியது.

அவர் வாயைத் திறந்தார். எழுந்திரு என்பதா, அசையாதே என்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.