வலன்ரீனா வீட்டுக் கூழ்

வட்டுக்கோட்டையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு வலன்ரீனாவுடையது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சைவசமயக் குடும்பம், வெள்ளிக்கிழமையில் அந்த வீட்டில் முட்டைகூட உடைக்கமாட்டார்கள். ஆனாலும் அவருடைய பேரைக் கேட்ட மாத்திரத்தில் கிறிஸ்தவர் என்று நினைத்து, "நீங்கள் வேதமோ?" என்று கேட்காத ஆள் கிடையாது.

எல்லாம் தகப்பன் சிவக்கொழுந்தர் பார்த்த வேலை. அவர் இருந்தது சுருட்டுக் கொட்டிலில். இருபது பேர் சம்மணமிட்டிருந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் மட்டும் பேப்பரை உரத்து வாசிப்பார். அந்த ஒருவர் சிவக்கொழுந்தர். 1963 ஆனியில் ஒரு நாள், ரஷ்யாக்காரி வலன்ரீனா தெரஸ்கோவா விண்வெளிக்குப் போய்த் தரையிறங்கிய செய்தியை வாசித்து முடித்த கையோடு, மனைவிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஆள் வந்தது. மனிதர் பேப்பரையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

வீட்டில் வள்ளிநாயகி என்று பேர் தயாராக இருந்தது. சிவக்கொழுந்தர் கேட்கவில்லை.

"பொம்பிளை ஒருத்தி தன்னந்தனியப் பூமியை நாப்பத்தெட்டுத் தரம் சுத்திப்போட்டு வந்திருக்கிறாள். அதுக்கு அடுத்த நாள் எனக்குப் பொம்பிளைப்பிள்ளை. வேறை என்ன பேர் வைக்கச் சொல்லுறியள்?"

பள்ளிக்கூடத்தில் பெடியள் 'ரொக்கெற்' என்று கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வயதில் பேரை மாற்றித் தரச்சொல்லி வலன்ரீனா ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார். தகப்பன் அசையவில்லை. எண்பத்தாறில் வெங்காயத் தோட்டக்காரர் தியாகராசாவைக் கலியாணம் செய்தபோது, மணவறையில் ஐயர் பேரைக் கேட்டுத் திகைத்து, கடைசியில் "வலந்தீனாம்பிகை" என்று சொல்லி ஒப்பேற்றினாராம். தியாகராசாவுக்கு இன்றைக்கும் அதைச் சொன்னால் சிரிப்பு அடங்காது.

ஒரே ஒரு தடவை அந்தப் பேர் பெரிய உதவி செய்தது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது, சனநெரிசலில் கணவனும் மனைவியும் பிரிந்துபோனார்கள். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கியில் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிவகௌரி என்று கூப்பிட்டால் ஆறு பேர் எழும்பினார்கள். வலன்ரீனா என்று கூப்பிட்டதும் ஒருவர்தான் எழும்பினார். அரைமணித்தியாலத்தில் தியாகராசா கண்டுபிடித்துவிட்டார். அதன்பிறகு வலன்ரீனா தன் பேரைக் குறை சொன்னதை யாரும் கேட்டதில்லை.

போன வருடம் சித்திரையில் பிறசர் கிளினிக்குக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வாங்கில் கண்ணயர்ந்துகொண்டிருந்தவரின் காதில் நேர்ஸ் கூப்பிட்டது விழுந்தது.

"செபநாயகம் காகரின்!"

வலன்ரீனா திடுக்கிட்டு எழும்பிவிட்டார். முன்வரிசையிலிருந்து கறுத்து மெலிந்த ஒருவர் கிளினிக் கொப்பியை நீட்டிக்கொண்டு போனார். அவர் திரும்பி வரும்வரை வலன்ரீனா உட்காரவில்லை.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கடை பேர் உண்மையாவே காகரினோ?"

"ஓம். அறுபத்தொண்டு சித்திரையிலை, அந்தாள் விண்வெளிக்குப் போன கிழமை பிறந்தனான். அப்பர் வைச்சது. ஏன் பிள்ளை?"

"நான் வலன்ரீனா."

அவர் சிரித்த சிரிப்பில் மருந்துக்கு நின்ற வரிசை முழுக்கத் திரும்பியது.

"அப்ப நான் போய் ரெண்டு வருசத்தாலை நீங்கள் பின்னாலை வந்தனீங்கள்!"

காகரின் அரியாலைக்காரர். கடல்நீரேரியில் இறால் பிடிக்கிறவர்; தெல்லிப்பழையில் மகள் வீட்டுக்கு வந்து நின்ற நேரம் அது. அன்று இரண்டு பேரும் மருந்தை வாங்கிக்கொண்டு மரத்தடியில் ஒருமணித்தியாலம் கதைத்தார்கள். இன்னும் இரண்டு பேரைத் தனக்குத் தெரியும் என்றார் காகரின். வலன்ரீனா அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார்: "எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆனியிலை என்ரை பிறந்தநாள் வருது. கூழ் காய்ச்சுவம்."

பிறந்தநாளை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். கூழுக்கு இறாலும் மீனும் காகரின் கொண்டுவந்தார். ஐந்து சந்தியில் இரும்புக்கடை வைத்திருக்கும் நாசர் மோட்டார்சைக்கிளில் வந்தார். மூன்றாவது டென்சிங், பழைய தபால்காரர். 1953இல் எவரெஸ்ட் ஏறிய செய்தி வந்த கிழமை பிறந்தவர். மனைவி யோசப்பினும் கூட வந்திருந்தார்.

"நாசர் எங்கடை ஆக்களுக்குள்ளை சாதாரண பேர்தானே எண்டு நினைப்பியள்," என்று நாசர் தொடங்கினார். "பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பாருங்கோ. கமால் அப்துல் நாசர். அந்தத் தலைவர் சூயெஸ் கால்வாயை எடுத்த நேரம் பிறந்தனான். வாப்பா ஓரெழுத்தும் விடேல்லை."

யோசப்பின் இடையில் புகுந்தார். "எங்கடை டென்சிங் கதிரையிலை ஏறவே பயப்பிடுவார். வீட்டிலை பல்ப் மாத்துறது நான்தான்." டென்சிங் அதை மறுக்கவில்லை, பலா இலையைக் கோலி மடித்த பிலாவிலையை நீட்டி இன்னும் கூழ் கேட்டார்.

அப்போதுதான் காகரின் மெதுவாக, "சந்திரனிலை இறங்கினதும் அந்தாள் கொடி நட்டவர் எல்லே..." என்று ஆரம்பித்தார்.

"ஆர்?" என்றார் வலன்ரீனா.

"காகரின்."

"அண்ணை! காகரின் பூமியைச் சுத்தினவர். சந்திரனுக்குப் போனது அமெரிக்காக்காரர், அறுபத்தொன்பதிலை."

காகரின் பிலாவிலையைக் கீழே வைத்தார். "நான் பேரப்பிள்ளையள் எல்லாருக்கும் சந்திரனைக் காட்டி, தாத்தான்ரை பேர்க்காரன் அங்கை நடந்தவன் எண்டு சொல்லிப்போட்டனே!"

தியாகராசா சிரித்துப் புரையேறி, முதுகில் தட்டவேண்டியதாயிற்று. காகரினும் சேர்ந்து சிரித்தார். ஆனால் முகத்தில் கொஞ்சம் வாட்டம் இருந்தது. வலன்ரீனா அதைக் கவனித்தார். "முதல் போனவர் உங்கடை ஆள்தான் அண்ணை. அவர் போகாட்டி மற்ற ஒருத்தரும் போயிருக்கமாட்டினம். அதைச் சொல்லுங்கோ பிள்ளையளுக்கு," என்றார். காகரின் அதைப் பலமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கூழ்ப்பானை காலியாகிற நேரம் நாசர் சொன்னார்: "தொண்ணூறிலை எங்கடை முஸ்லிம் சனத்தை இயக்கம் ஊரைவிட்டு அனுப்பினாப் பிறகு புத்தளத்திலை இருவது வருசம். திரும்பி வந்தும் கடையும் வீடுமா இருந்திட்டன். இப்பிடி ஒரு வளவுக்குள்ளை வட்டமா இருந்து கூழ் குடிச்சு முப்பத்தைஞ்சு வருசம்."

வலன்ரீனா எழும்பி, பானையைச் சரித்து, அடியில் கிடந்த இறாலெல்லாவற்றையும் அவருடைய இலைக்குள் வழித்து ஊற்றினார். "அடுத்த ஞாயிறும் வாங்கோ," என்றார்.

வலன்ரீனாவின் மகள் உதயகலா அன்றைக்கு எடுத்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டாள். அன்று தொடங்கிய தொலைபேசி இன்னும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூழுக்கு வருகிறவர்களை வலன்ரீனா எழுதிவைக்கும் கொப்பியில் இப்போது பதினாறு பேர். கென்னடி மட்டும் இரண்டு. ஒருவர் காரைநகர், மற்றவர் சாவகச்சேரி, இருவரும் ஒரே கிழமையில் பிறந்தவர்கள். யார் மூத்தவர் என்று அவர்களுக்குள் இன்னும் தீரவில்லை. பிடல் என்று ஒருவர் பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸேறி வந்து, தாடி இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டாராம்.

நேற்று ஞாயிறு காலை நான் போனபோது வலன்ரீனா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. தியாகராசா எடுத்துக் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இஞ்சை, இந்திராகாந்தி கதைக்கிறா. வேலணையிலை இருந்தாம். எத்தினை மணிக்கு வரட்டாம்?"

"பதினொண்டுக்கு வரச்சொல்லுங்கோ," என்றார் வலன்ரீனா, செதில் ஒட்டிய கையோடு. "வரேக்கை ஒரு தேங்காயும் கொண்டரச் சொல்லுங்கோ."